எடை குறைப்பு அறுவைக்குப் பிறகான வாழ்க்கையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அறுவைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், குறைந்த கிலோ கணக்கு, மருத்துவமனையில் தங்க வேண்டிய நாட்கள் எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்த பிறகு அவர் எப்படிச் சாப்பிடுகிறார், எந்த மாத்திரையை எவ்வளவு காலம் விழுங்குகிறார், எதைத் தொடவே கூடாது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் திண்டுக்கல்லில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். அறுவை செய்த டாக்டரை இந்த நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். எங்கள் கடைக்கு மாதம் தவறாமல் வருகிறார்கள். என் அக்காவும் இந்த அறுவையைச் செய்துகொண்டவர். அந்த இரண்டு உரிமையோடும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கேஸ்ட்ரிக் பைபாஸ் என்ற பருமன் அறுவையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றிவிடுவார்கள் என்று கட்டுரையில் இருந்தது. அப்படி அகற்றுவது 'ஸ்லீவ்' என்ற வேறொரு அறுவையில். பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லி மட்டும் கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்துத் தைக்கிறார்கள். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் பத்து மில்லி அளவு மூடியால் மூன்று மூடி, அவ்வளவுதான். மீதி இரைப்பை உடம்புக்குள்ளேயே இருக்கும், சாறும் சுரக்கும். உணவு மட்டும் அதற்குள் போகாது. பிறகு சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்ப்பகுதியின் முனையை மேலே கொண்டுவந்து அந்தச் சிறு பையோடு இணைக்கிறார்கள். பித்தநீரையும் கணையநீரையும் சுமந்துவரும் மேல்பகுதிக் குடலைச் சற்றுக் கீழே பக்கவாட்டில் சேர்க்கிறார்கள். வரைந்து பார்த்தால் ஆங்கில 'ஒய்' எழுத்துப்போல இருக்கும். இப்படிக் குடலை இணைக்கும் முறை சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் சீசர் ரூவின் பெயரால் அறியப்படுகிறது. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் எடை கூடாமலே இருப்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன், சிகாஷி இடோ என்ற இருவர் 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பருமனுக்கான முதல் பைபாஸைச் செய்தார்கள். வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாய் வழியே செய்யும் முறை 1994இல் பதிவானது. ஆக இது நேற்று வந்த அழகுக்கலை வித்தை கிடையாது. அரை நூற்றாண்டு தாண்டிய பெரிய வயிற்று அறுவை.

எது இரைப்பையைப் பிரித்தது, எது அகற்றியது என்ற வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கடையில் நின்று "உங்களுக்கு ஸ்லீவா, பைபாஸா?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. "எடை குறைய ஆபரேஷன்" என்கிறார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம், அது வீட்டுப் பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மாத்திரை விஷயத்திலோ இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அரசுப் பள்ளி ஆசிரியை. உயரம் ஐந்தடி இரண்டங்குலம், அறுவைக்கு முன் எடை 118 கிலோ. இரண்டு வேளை இன்சுலின். இரவில் மூச்சு நின்று நின்று வரும், முகத்தில் மூச்சுக்கருவியின் முகமூடியை மாட்டிக்கொண்டுதான் தூங்குவார். மாடி வகுப்பு கொடுத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பயந்துகொண்டிருப்பார். காலை நடை, கேழ்வரகு, கொள்ளு, பட்டினி என எல்லாம் பார்த்தவர். உறவினர்களோ "வாயைக் கட்டினால் குறையாதா" என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அந்தச் சொல்லை இன்றும் நான் மன்னிக்கவில்லை. நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு, எடை குறையக் குறையப் பசியைக் கூட்டித் தன் பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும். அதை மன உறுதியால் மட்டும் வெல்லச் சொல்வது நியாயமே ஆகாது.

பைபாஸின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது. சின்ன வயிறு, கொஞ்ச உணவு என்பது அதில் ஒரு பகுதி மட்டும். குடலின் பாதை மாறியதும் ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்கள் சாப்பிட்டவுடன் மிகுதியாகச் சுரக்கின்றன. பசி தணிகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கிவிடுகிறது. அக்காவுக்கு இன்சுலின் ஊசி மருத்துவமனையை விட்டு வரும்போதே நின்றுவிட்டது. ஓராண்டில் எடை எண்பதுக்கு அருகில் வந்தது. மூச்சுக்கருவி பெட்டிக்குள் போய்விட்டது. இந்த அறுவைக்கு எதிராக நான் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். தேவைப்பட்டவருக்கு அது உயிர் கொடுக்கிறது, என் கண்முன் கொடுத்தது.

ஆனால் உங்கள் கட்டுரையை ஒட்டி வந்த விளம்பரத்தில் "சர்க்கரை நோய்க்கு நிரந்தர விடுதலை" என்று இருந்ததே, அதை எப்படி அனுமதித்தீர்கள்? அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் சர்க்கரை நோயுள்ள 150 பேரை வைத்து நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வெளியானது. மூன்று மாத சர்க்கரைச் சராசரியை 6 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் வைத்திருந்தவர்கள், பைபாஸ் செய்தவர்களில் 29 விழுக்காடு. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு. மருந்தைவிடப் பன்மடங்கு மேல்தான். ஆனாலும் பத்தில் மூன்று பேர். அக்காவுக்கும் ஐந்தாம் ஆண்டில் சர்க்கரை மெல்ல ஏறி, இப்போது ஒரு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறார். நிரந்தரம் என்று நம்பி ரத்தப் பரிசோதனையையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி என் கடைக்கு உரிய விஷயத்துக்கு வருகிறேன். உணவு இப்போது முன்சிறுகுடலைத் தொடாமல் போகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் பெரும்பாலும் அங்கேதான் உறிஞ்சப்படுகின்றன. வைட்டமின் பி12 உடம்பில் சேர இரைப்பையின் அமிலமும் அங்கே சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். அவை உணவோடு சேரும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. ஆகவே சத்து மாத்திரை, இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுக்க வேண்டும். கால்சியத்திலும் அமிலம் தேவைப்படாத சிட்ரேட் வகை நல்லது. கடைகளில் எளிதாகக் கிடைப்பது கார்பனேட். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். இரும்பு மாத்திரையைக் காலை டீயோடு போட்டால் பாதி வீண். மாத்திரை உறையில் இதெல்லாம் எழுதியிருக்காது, யாராவது வாயால் சொல்ல வேண்டும்.

பி12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்குச் சேமிப்பு உள்ள சத்து. மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. "எடைதான் குறைந்துவிட்டதே அக்கா, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று என்னிடம் கேட்டு நிறுத்திய ஒரு பெண், நூற்பாலையில் வேலை செய்பவர், நெடுங்காலம் கழித்து உள்ளங்கால் எரிகிறது என்று வலி மாத்திரை கேட்டு வந்தார். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. வலி மாத்திரை கொடுக்காமல் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். பி12 ஊசி போட்டுத் தேறிவருகிறார், எரிச்சல் முழுதாகப் போகவில்லை.

அவர் கேட்ட அந்த வலி மாத்திரை இன்னொரு ஆபத்து. நம் ஊர்க் கடைகளில் "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை" என்றால் பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதில் டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ கட்டாயம் இருக்கும். பைபாஸ் செய்தவருக்கு இரைப்பைப் பையும் குடலும் சேரும் தையலில் புண் வர இவை போதும். புண்ணில் ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். புகைப்பதும் அதே புண்ணுக்கு வழி. வலிக்குப் பாராசிட்டமால் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மதுவும் இவர்களுக்கு வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. இதை வீட்டு ஆண்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பழைய சீட்டும் ஒரு பிரச்சினை. அறுவைக்குப் பிறகு சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். பழைய சீட்டை நீட்டி அதே அளவு வாங்கிப் போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போட்டு விழுவார்கள். மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகள் குறுகிய பாதையில் சரியாகச் சேராமல் போகலாம். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, மிக நல்ல திட்டம். வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரிடமும் அறுவை செய்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே நம் சமூகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் முன் எடை குறைய வேண்டும் என்று இந்த அறுவையைச் செய்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துவிடுகிறார்கள். மாமியார் வீட்டில் அந்தப் பெண் மாத்திரையை எங்கே வைப்பாள், என்ன சொல்லி விழுங்குவாள்? விருந்துக்கு விருந்து "இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்" என்று இலையில் தள்ளுகிறார்கள். பாயசமோ ஜிலேபியோ வேகமாகச் சாப்பிட்டால் இனிப்பு நேரே குடலில் இறங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலைசுற்றும். இதை 'டம்பிங்' என்கிறார்கள். பார்ப்பவர்கள் பெண்ணுக்கு ஏதோ நோய் என்கிறார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பது டாக்டர்கள் சொல்வது. கருத்தடை மாத்திரையோ குடல் மாறியவர்களுக்கு முழு நம்பிக்கைக்கு உரியதில்லை. கர்ப்பமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லிப் பரிசோதிப்பார்கள். பைபாஸ் செய்த பெண்ணுக்கு அது டம்பிங்கை வரவழைக்கும், வேறு முறையில் சர்க்கரை பார்க்க வேண்டும். செவிலியரிடம் சொன்னால் செய்துவிடுவார். பக்கத்தில் மாமியார் நிற்கும்போது எப்படிச் சொல்வாள்? பெற்றோர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், மறைக்காதீர்கள்.

சிறிய மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அறுவைக்குப் பின் நாள்கணக்கில் வாந்தி எடுக்கும் நோயாளிக்கு வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஆண்டுகள் கழிந்த பின்னும் திடீரென்று வயிறு சுருட்டிப் பிடித்தால் குடல் உள்ளுக்குள் சிக்கியிருக்கக்கூடும். அதை வாயுத் தொல்லை என்று எங்கள் கடையில் ஜெல் மருந்து வாங்கிக் குடித்துக் காத்திருக்கக் கூடாது, ஸ்கேன் வசதியும் அறுவை மருத்துவரும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

செலவையும் எழுதுங்கள். பி.எம்.ஐ. என்ற உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரையோ இதயநோயோ கடுமையான தூக்க மூச்சடைப்போ இருந்தாலோ தவிர, பருமன் அறுவையைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கிவைக்கலாம் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அப்படிக் கிடைத்தாலும் அது அறுவைக்குத்தான். ஆயுள் முழுக்க வாங்கும் மாத்திரைக்கும் ஆண்டுதோறும் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கும் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. அக்கா அரசுச் சம்பளத்தில் சமாளிக்கிறார். அந்த நூற்பாலைப் பெண் எப்படிச் சமாளிப்பார்? 2025இல் இந்தியாவுக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளைப் பற்றியும் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அவற்றையும் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். எந்த வழியில் போனாலும் தொடர்ந்து பார்க்கும் ஒரு டாக்டர் வேண்டும்.

என் கோரிக்கை சிறியது. அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் நோயாளியின் பர்ஸில் வைக்கும் அளவில் தமிழில் ஓர் அட்டை கொடுக்கட்டும்: என்ன அறுவை, எந்தத் தேதி, எந்த மருந்துகள் ஆகாது, எந்தப் பரிசோதனைகள் எப்போது, அவசரத்துக்கு யாரை அழைப்பது. என் கடைக்கு வருபவர்களுக்காக இப்படி ஓர் அட்டை தயாரித்து, அக்காவைப் பார்க்கும் டாக்டரிடம் சரிபார்த்து வைத்திருக்கிறேன். அதன் நகலை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் ஒதுக்கி, வாசகர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல்.