லேசருக்கு முன் தரையைப் பாருங்கள்: கியூப்சாட் குழுக்களுக்குத் திறந்த மடல்

கியூப்சாட்டில் (10 செ.மீ. கனசதுர அலகுகளால் ஆன சிறு செயற்கைக்கோள்) லேசர் டவுன்லிங்க் (தரவைத் தரைக்கு இறக்கும் இணைப்பு) வைக்கத் திட்டமிடும் கல்லூரிக் குழுக்களுக்கு,

வணக்கம். இத்தகைய திட்ட அறிக்கைகளில் லேசர் கருவிக்குப் பத்துப் பக்கம் இருந்தால் தரைநிலையத்துக்கு அரைப் பக்கம்தான் இருக்கிறது. வேலை எங்கே கெடுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த அரைப் பக்கத்தில்தான்.

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். நொடிக்கு 100 மெகாபிட்தான் இலக்கு என்றால் எக்ஸ்-பேண்ட் (நுண்ணலை) ரேடியோவே போதும். பிளானட் நிறுவனத்தின் டவ் செயற்கைக்கோள்கள் ரேடியோவிலேயே ஒரு ஜிகாபிட்டைத் தாண்டிவிட்டன. அலைவரிசை ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது லேசருக்குச் சாதகம்தான். ஆனால் கட்டளைக்கும் டெலிமெட்ரிக்கும் (கோளின் நிலை பற்றிய தகவல்) எப்படியும் ரேடியோ வேண்டும், அதற்கு உரிமமும் வேண்டும்.

500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் (சுருக்கமாகக் கோள்), தொடுவானத்துக்கு மேல் 20 டிகிரியில் தெரியும்போது ஏறக்குறைய 1,190 கி.மீ. தொலைவில் இருக்கும். லேசர் கற்றையின் விரிகோணம் 100 மைக்ரோரேடியன் (ரேடியனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோரேடியன்) என்றால் தரையில் விழும் வட்டம் 120 மீட்டர்தான். அதை நம் தொலைநோக்கியின் மேல் நிறுத்த, தரையிலிருந்து ஒரு பீக்கன் லேசர் கோளுக்கு வழிகாட்ட வேண்டும். முதல் சறுக்கல் இங்கேதான். ஒரு நாள் பழைய டி.எல்.இ. (பொதுவில் வெளியாகும் சுற்றுப்பாதை விவரம்) தரவில் ஒரு கிலோமீட்டர் பிழை சாதாரணம், 1,000 கி.மீ. தொலைவில் அது 1,000 மைக்ரோரேடியன். அதை மூட பீக்கனை விரித்தால் ஒளியின் அடர்த்தி விரிவின் இருமடிப்படி குறையும். கோளில் ஜி.பி.எஸ். ரிசீவர் வைத்து, முந்தைய சுற்றின் நிலைத்தரவை ரேடியோவில் இறக்கிக்கொண்டால் பீக்கனைக் குறுக்கலாம். ஸ்டார் டிராக்கரையும் (விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் கேமரா) லேசரையும் ஒரே தகட்டில் பொருத்துங்கள். ஏவும்போது ஏற்படும் அதிர்வு இரண்டையும் தனித்தனியே நகர்த்திவிட்டால், முதல் சில வாரங்கள் கற்றையைச் சுருள் பாதையில் சுழற்றித் தேடுவதிலேயே போகும்.

அடுத்தது முன்னோக்குக் கோணம். ஒளி போய் வருவதற்குள் கோள் நகர்ந்துவிடுவதால், பீக்கன் தெரியும் திசையிலேயே திருப்பிச் சுட்டால் குறி தவறும். உச்சிவானில் இந்த விலகல் 50 மைக்ரோரேடியன், அதாவது மேலே சொன்ன கற்றையில் பாதி. கோள் தலைக்கு மேல் வரும்போது சிக்னல் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

காற்றின் கொந்தளிப்பு சிக்னலை மில்லிநொடிக் கணக்கில் அணைத்து ஏற்றும். 100 ஜிகாபிட் வேகத்தில் 10 மில்லிநொடி அணைந்தால் ஒரு ஜிகாபிட் தரவு போச்சு. 2022 மே மாதம் ஏவப்பட்ட நாசாவின் டிபேர்ட் லேசர் சோதனை இதை எளிமையாகச் சமாளித்தது: எந்தச் சட்டகம் (தரவுத் துண்டு) வரவில்லை என்று தரை சொல்லும், கோள் அதை மறுபடி அனுப்பும். 2023-இல் நொடிக்கு 200 ஜிகாபிட்டை எட்டி, ஒரே கடப்பில் (கோள் வானில் ஒருமுறை கடந்துபோகும் நேரத்தில்) 4.8 டெராபைட்டை இறக்கியது. கோள் 6யு (ஆறு கனசதுர அலகு) அளவுதான். கீழே கலிஃபோர்னியாவின் டேபிள் மவுண்டனில் இருந்ததோ ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அடாப்டிவ் ஆப்டிக்ஸும் (காற்றால் கலங்கும் ஒளியை உடனுக்குடன் சரிசெய்யும் கண்ணாடி அமைப்பு). இப்படி அதிவேகத்துக்கான கோஹிரன்ட் மோடம் (ஒளியலையின் கட்டத்தையும் படிப்பது) என்றால் ஒளியைப் பத்து மைக்ரான் நார்க்குழலுக்குள் நுழைத்தாக வேண்டும். அடாப்டிவ் ஆப்டிக்ஸ் இல்லாமல் அது நிற்காது. சில நூறு மெகாபிட் போதுமென்றால் அகன்ற ஏ.பி.டி. (மங்கிய ஒளியையும் பெருக்கி உணரும் டையோடு) டிடெக்டரும் 40 முதல் 60 செ.மீ. தொலைநோக்கியும் வைத்து ஒப்பேற்றலாம். அப்போதும் மவுண்ட் (தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி) நொடிக்கு 0.9 டிகிரியாவது ஓட வேண்டும். ஆல்ட்-அசிமத் மவுண்ட் (இடம்-வலம், மேல்-கீழ் எனத் திரும்புவது) என்றால் உச்சியை ஒட்டிய கடப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அங்கே இடம்-வலம் திருப்பும் நிலைக்குத்து அச்சு சுழல வேண்டிய வேகத்துக்கு மோட்டார் ஈடுகொடுக்காது.

கடைசியாக மேகம். தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகம் மாதிரி ஓரிடத்தை மட்டும் நம்பினால் பருவமழை மாதங்களில் கடப்புகள் வீணாகும். லடாக்கின் ஹான்லே 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட இடம். இரண்டுக்கும் வானிலை வேறு. எனவே பீக்கன் அலைநீளத்தையும் சட்டக வடிவத்தையும் குழுக்கள் கூடிப்பேசி ஒன்றாக வையுங்கள். அப்போதுதான் ஒருவர் நிலையத்தை இன்னொருவர் பயன்படுத்த முடியும். பீக்கன் விமானப் பாதைக்குள் பாயும் லேசர் என்பதால், விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதிக்குத் தொலைநோக்கி வாங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தரைநிலையப் பொறியாளர்கள் சிலர்