அச்சடிக்கும் முன் மதிப்பெண் போடுங்கள்

தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். புகையிலையை விடவைக்கும் சிகிச்சைக்கு 2011-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கென ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. நம்முடைய அடுத்த பதிப்பு எப்போது வந்தாலும் சரி, அச்சுக்குப் போகும் முன் அதற்கு மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணை ஊரறிய வெளியிடுங்கள்.

இதற்குப் புதிதாகக் கருவி எதுவும் செய்ய வேண்டாம். சிகிச்சை வழிகாட்டிகளின் தரத்தை அளக்கும் அக்ரீ-2 (AGREE II) என்ற அளவுகோல் 2010-லிருந்தே இருக்கிறது. ஆறு பிரிவுகளில் 23 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் நான்கு பேர், தனித்தனியே போட வேண்டும். ஆதாரங்களை எப்படித் தேடினார்கள், எப்படி எடைபோட்டார்கள் என்பதற்கு மட்டுமே எட்டுக் கேள்விகள். ஒரு சிபாரிசு சரியா தவறா என்று அக்ரீ-2 சொல்லாது. அந்த முடிவுக்கு வந்த வழி ஒழுங்கானதா என்றுதான் பார்க்கும். இவ்வளவு வாங்கினால் பாஸ் என்ற கணக்கும் அதில் கிடையாது. அதனால்தான் மொத்த மதிப்பெண்ணைவிட, எந்தப் பிரிவில் சறுக்கியது என்பது முக்கியம்.

மொழித்தெளிவு என்ற பிரிவில் மதிப்பெண் வாங்குவது சுலபம், நல்ல எடிட்டர் ஒருவர் போதும். வழிகாட்டிகள் வழக்கமாகச் சறுக்குவது, நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் பிரிவில்தான்.

2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். ஆனால் சிகிச்சைக்கான ஆதாரங்களில் பெரும்பகுதி பணக்கார நாடுகளில் சிகரெட் பிடிப்பவர்களிடம் திரட்டியது. வெற்றிலையோடு புகையிலை போடும் ஒரு கூலிக்கார அம்மாவிடம் "நாளைக்கு எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். "எத்தனைன்னா... எந்திரிச்சதும் ஒரு கிள்ளு, களை எடுக்கப் போறப்ப ஒரு கிள்ளு" என்பார். புகையிலைக்குப் பதிலாக மருந்தாகத் தரும் நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராமா, 4 மில்லிகிராமா என்பதை நாளைக்கு 25 சிகரெட் என்ற கோட்டை வைத்து முடிவுசெய்யச் சொன்னால் நான் என்ன செய்வது? எழுந்த அரை மணி நேரத்துக்குள் போடுகிறாரா என்று கேட்டால் ஓரளவு பிடி கிடைக்கும். இதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியவை.

சூயிங்கமை மென்று, காரம் ஏறியதும் கதுப்பில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். ஹான்ஸ் வைத்துப் பழகியவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பீடிக்காரர்கள் சவைத்து எச்சிலை விழுங்கிவிட்டு, விக்கலும் நெஞ்செரிச்சலுமாக வந்து நிற்பார்கள். டீ குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது. கால்மணி நேரமாவது விட வேண்டும். டீக்கடையில்தானே பலருக்குப் பீடி பற்றுகிறது!

அப்புறம் செலவு. 2022-ல் நிக்கோடின் மாற்று மருந்துகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறின. பட்டியலில் இருப்பது வேறு, ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்து ஜன்னலில் கிடைப்பது வேறு. இதற்கு எவ்வளவு ஆகும், யார் தருவார்கள் என்று எழுதாத வழிகாட்டிக்கு அக்ரீ-2 தாராளமாக 1 போடும்.

கடைசியாக, யார் பணம், யார் நலன் என்ற பிரிவு. இரண்டே கேள்விகள்தான், ஆனால் புகையிலை விஷயத்தில் இதைத்தான் நான் முதலில் புரட்டுவேன். மால்பரோ விற்கும் பிலிப் மோரிஸ், நிக்கோடின் சூயிங்கம் செய்யும் டென்மார்க்கின் ஃபெர்டின் ஃபார்மாவை 2021-ல் வாங்கியது. இன்று நோயும் மருந்தும் ஒரே கல்லாவுக்குப் போகலாம். ஆகவே 'உறுப்பினர்களுக்கு நலன் முரண் இல்லை' என்ற ஒற்றை வரி போதாது. ஒவ்வொருவரும் யாரிடம் ஆய்வுப் பணம் வாங்கினார், யாருடைய செலவில் மாநாட்டுக்குப் போனார், எந்த விவாதத்தில் விலகி நின்றார் என்பதைப் பெயரோடு போடுங்கள்.

மதிப்பெண் போடும் நால்வரில் ஒருவராவது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியராக இருக்கட்டும். குழுவுக்கு வெளியே உள்ளவராகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை ஒன்றில் புகையிலை நிறுத்த ஆலோசகர்