வெற்றியாளர் பட்டியல் மட்டும் போதாது: மாநில பேஸ்பால் ஆவணங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

அமெரிக்க மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் ஆவணப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மாநில பேஸ்பால் போட்டியின் வரலாறு என்று நீங்கள் வெளியிடுவது பெரும்பாலும் ஒரே பக்கம்: ஆண்டு, வென்ற பள்ளி, தோற்ற பள்ளி, ரன்கள். பழைய முடிவுகளைத் தேடித் தொகுக்கும் எங்களுக்கு அந்தப் பக்கம் உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். எந்த விதியில், எந்தப் பருவத்தில், எத்தனை பிரிவுகளுக்கு நடுவே கிடைத்த பட்டம் என்பது அதில் இல்லை.

இந்தியானாவைப் பாருங்கள். அங்கே 1967இல் தொடங்கிய மாநிலப் போட்டியில் 1997 வரை ஆண்டுக்கு ஒரே ஒரு வெற்றியாளர்தான். 1998 முதல் மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவுகள், நான்கு பட்டங்கள். 1980இல் வென்ற பள்ளியையும் 2010இல் வென்ற பள்ளியையும் ஒரே நெடுவரிசையில் போட்டு யாருக்குப் பட்டம் அதிகம் என்று கூட்டினால் கணக்கு சரியாக வரும், ஒப்பீடு தவறாகப் போகும். ஒவ்வொரு ஆண்டுக்கும் நேராகப் பிரிவின் பெயர், அவ்வாண்டின் மொத்தப் பிரிவுகள், கலந்துகொண்ட பள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

அயோவாவில் சிக்கல் பருவத்தில் இருக்கிறது. மற்ற மாநிலங்கள் வசந்தத்தில் ஆடும்போது அங்கே பள்ளி பேஸ்பால் கோடையில் நடக்கிறது. முன்பு இலையுதிர் காலத்திலும் தனியாக ஒரு மாநிலப் போட்டி இருந்தது. ஏறத்தாழ 600 பேர் வாழ்ந்த நார்வே என்ற சிற்றூரின் பள்ளி மொத்தம் 20 மாநிலப் பட்டங்களை வென்றது. அவற்றில் 12 இலையுதிர் காலத்தவை, 8 கோடைக்காலத்தவை. பருவத்தைக் குறிக்காமல் ஆண்டை மட்டும் எழுதினால், ஒரே ஆண்டின் இரண்டு பட்டங்களைப் பிழை என்று நினைத்துப் பின்னால் வருபவர் ஒன்றை அழித்துவிடுவார். பள்ளி ஆண்டா, நாட்காட்டி ஆண்டா என்பதையும் பட்டியலின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பள்ளி 1991இல் கடைசிப் பட்டத்தை வென்ற கையோடு அருகிலிருந்த பெரிய பள்ளி மாவட்டத்துடன் (பல பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) இணைக்கப்பட்டது. இணைந்த பள்ளிகளின் பழைய பட்டங்களைப் புதிய பள்ளியின் பெயருக்கு மாற்றாதீர்கள். வென்ற நாளில் இருந்த பெயரையே வைத்து, பிந்தைய பெயரைக் குறிப்பில் சேருங்கள். 'சென்ட்ரல்', 'வாஷிங்டன்' என்ற பெயரில் ஒரே மாநிலத்தில் பல பள்ளிகள் இருக்கும் என்பதால் ஊர்ப் பெயரும் கட்டாயம். இனப் பிரிவினைக் காலத்தில் கறுப்பின மாணவர்களின் பள்ளிகளுக்கெனத் தனிச் சங்கங்கள் இருந்தன. டெக்சாஸின் பிரெய்ரி வியூ லீக் அவற்றில் ஒன்று. அப்படிப்பட்ட சங்கங்களின் பட்டங்களை அடிக்குறிப்பில் ஒதுக்காமல், நடத்திய சங்கத்தின் பெயரோடு அதே பட்டியலில் வையுங்கள்.

எங்கள் நேரத்தில் பாதியைத் தின்பது ஸ்கோரைச் சரிபார்க்கும் வேலை. நாளிதழ் முதல் பதிப்பில் அவசரமாக அச்சான ஸ்கோர் மறுநாள் திருத்தப்பட்டிருக்கும். திருத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. இதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. ஓர் அணியின் அட்-பேட் (கீழ்வருபவை சேராமல் மட்டை பிடித்த முறைகள்), வாக் (நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸ் பெறுவது), பந்து பட்டுப் பேஸ் பெற்றவை, தியாக பன்ட் (தான் அவுட்டாகி, ஓடுபவரை முன்னேற்றும் மெல்லிய தட்டல்), தியாக ஃப்ளை (உயர அடித்த பந்து பிடிபட்டாலும் ஓடுபவர் ரன் எடுப்பது), கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நிற்பவர்) குறுக்கீட்டால் பேஸ் பெற்றவை எல்லாவற்றையும் கூட்டுங்கள். மறுபக்கம் அவ்வணியின் ரன்கள், பேஸில் நின்றுபோனவர்கள், எதிரணியின் புட்-அவுட்கள் (அது எடுத்த அவுட்கள்) ஆகியவற்றைக் கூட்டுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் எங்கோ பிழை. பெரும்பாலும் வாக்கை அட்-பேட்டில் சேர்த்திருப்பார்கள், அல்லது தியாக ஃப்ளையை விட்டிருப்பார்கள். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில், கடைசிப் பாதியை ஆடாமலே உள்ளூர் அணி (இரண்டாவதாக மட்டை பிடிக்கும் அணி) வென்றிருந்தால் தோற்ற அணியின் புட்-அவுட் 18தான். 21 என்று எழுதியிருந்தால் அந்தத் தாளையே சந்தேகியுங்கள்.

பிட்சரின் (பந்து எறிபவரின்) ரன் சராசரியைக் கணக்கிடும்போது, ஏழு இன்னிங்ஸ் ஆடும் பள்ளி ஆட்டத்துக்கு 7ஆல் பெருக்காமல் 9ஆல் பெருக்குவதும் அடிக்கடி காணும் தவறு. 5 இன்னிங்ஸில் (பிழையால் வராத) 2 ரன் கொடுத்தவரின் சராசரி பள்ளிக் கணக்கில் 2.80; தொழில்முறைக் கணக்கில் 3.60. இரண்டும் கலந்த சாதனைப் பட்டியலைத் தூக்கிப்போடுவதே மேல்.

விதி மாறிய ஆண்டுகளுக்குக் கோடு போடுங்கள். 2012 ஜனவரி 1 முதல் மரமல்லாத மட்டைகள் பிபிகோர் தரத்துக்கு, அதாவது பந்தைத் திருப்பியனுப்பும் அளவு 0.50ஐத் தாண்டாமல், இருக்க வேண்டும் என்றானது. அதற்கு முந்தைய ஹோம் ரன்களையும் பிந்தையவற்றையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமில்லை. 2017இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, ஒவ்வொரு மாநிலமும் இன்னிங்ஸை வைத்தல்ல, எறிந்த பந்துகளை வைத்தே பிட்சருக்கு வரம்பு வகுக்க வேண்டும் என்றது. ஆகவே 2017க்குப் பிந்தைய இறுதிப் போட்டிகளில் பிட்சர் எறிந்த பந்துகளையும், முந்தைய ஆட்டத்துக்குப் பின் அவருக்குக் கிடைத்த ஓய்வு நாட்களையும் சேருங்கள். இரு அணிகளின் ஸ்கோர் புத்தகங்களில் உள்ள பந்து எண்ணிக்கையை ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிவிலும் ஒப்பிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் ஒப்பிட்டால் வேறுபாடு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆட்டம் நடக்காத ஆண்டையும் விடாதீர்கள். 2020 வசந்தத்தில் பெருந்தொற்றால் போட்டிகள் நின்றன; கோடையில் ஆடும் அயோவா மட்டும் தன் மாநிலப் போட்டியை நடத்தியது. நடக்காத ஆண்டுக்கு 'நடைபெறவில்லை' என்ற வரி வேண்டும். பறிக்கப்பட்ட பட்டத்துக்கும் அப்படியே: பெயரை நீக்காமல் அருகில் காரணத்தை எழுதுங்கள்.

ஸ்கோர் புத்தகங்களை ஸ்கேன் செய்யும்போது கறுப்பு-வெள்ளை வேண்டாம். பென்சிலில் இட்ட சிறு புள்ளிகள், பந்து எண்ணிக்கையைக் காட்டும் கீறல்கள் எல்லாம் அதில் மறைந்துவிடும். வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ, குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) எடுங்கள். மங்கிய பக்கங்களுக்கு 600. துருப்பிடித்த கம்பி ஊசிகளைக் கழற்றிவிட்டு, மூலத்தை அமிலமற்ற உறையில் வையுங்கள். லேமினேட் செய்தால் திருப்பி எடுக்க முடியாது.

அதிகாரபூர்வ ஸ்கோர் புத்தகம் பொதுவாக உள்ளூர் அணியாகக் குறிக்கப்பட்ட பள்ளியிடம் இருக்கும் என்பதால், பல ஆண்டு இறுதி ஆட்டங்களின் ஒரே பிரதி ஏதோ ஒரு பயிற்சியாளர் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. பள்ளிகளுக்கு இந்தப் பருவம் தொடங்குமுன் கடிதம் எழுதுங்கள். மூடப்பட்ட பள்ளிகளின் மாவட்ட அலுவலகங்களிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
பழைய போட்டி முடிவுகளைத் தொகுப்போர் சிலர்