கண்மாய்க்குள் எரிந்த மெஷின்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் மாவட்டக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் அகற்றும் வேலை பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை ஏக்கர், ஏலம் எவ்வளவுக்குப் போனது, இனி எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. மரத்தைத் தூரோடு பிடுங்குகிற மெஷினைப் பற்றி மட்டும் ஒரு வரி, ஒரு படம். அப்படி ஒரு மெஷின் எரிந்ததைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவன் நான்.

கமுதிப் பக்கம் எனக்கு ஒரே ஒரு செயின் மெஷின். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் எங்கள் ஊரில் அது ஹிட்டாச்சிதான். பதினோரு வருடம் மற்றவர்களிடம் ஆபரேட்டராக ஓட்டிவிட்டு, ஃபைனான்ஸ் போட்டு 24 லட்சத்துக்கு செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை வேரோடு அகற்றச் சொன்னதிலிருந்து எங்கள் பக்கம் மெஷின் பெருகிவிட்டது. நடுவில் தடை வந்தது, அப்புறம் 2022-இல் அரசே கொள்கை வெளியிட்டது, வேலை மறுபடி சூடு பிடித்தது. நானும் அந்த நம்பிக்கையில் கடன் வாங்கியவன்தான்.

போன பங்குனியில் ஒரு நாள், மதியம் மூன்று மணி இருக்கும். மெஷினில் என் அக்கா மகன். காலையிலிருந்து நிறுத்தாமல் ஓட்டம். சீமைக்கருவேலத்தின் இலை சின்னஞ்சிறுசு. காய்ந்தால் தூள் மாதிரி ஆகிவிடும். இன்ஜின் கதவுச் சல்லடை வழியாக உள்ளே போய், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைச் சுற்றியும், கீழே அடித்தகட்டிலும் மெத்தை போலப் படிந்துவிடும். அங்கே ஏற்கெனவே ஒழுகிய எண்ணெய் வேறு ஊறிக் கிடக்கும். மாதம் ஒரு முறை தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வோம். அந்த மாதம் செய்யவில்லை. ஏலம் எடுத்தவர் பத்து நாளில் முடிக்கச் சொல்லியிருந்தார், அரை நாள் மெஷின் நின்றால் அரை நாள் வாடகை போகும். தப்பு என்னுடையதுதான், அதை மறைக்கவில்லை.

ஒரு தூரை இழுக்கும்போது இன்ஜின் பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம். மெஷினின் கையை அசைக்கிற எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஓஸ் (குழாய்) ஒன்று வெடித்து, எண்ணெய் பனி மாதிரி வெள்ளையாகப் பீச்சியடித்தது. பையன் "மாமா, புகை வருது" என்று கத்திக்கொண்டே கீழே குதித்துவிட்டான். சாவியைத் திருப்பவில்லை. வேலை நேரத்தில் டர்போவின் சூடு 500 டிகிரியைத் தாண்டும். எண்ணெய் அதில் பட்டதும் தீ. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததால் பம்ப் தன் கடமையைச் சரியாகச் செய்து, இன்னும் இன்னும் எண்ணெயைத் தள்ளியது. கடைசியில் ஒயர் எரிந்துதான் இன்ஜின் நின்றது.

சீட்டுக்குப் பின்னால் தீயணைப்பான் இருந்தது. அதன் அழுத்தம் காட்டுகிற முள் சிவப்பில் நின்றது. இரண்டு வருடமாக நிரப்பவில்லை, அழுத்தினால் ஒரு இருமலோடு சரி. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றினேன். எரிகிற எண்ணெய் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து வழிந்து, கீழே கிடந்த சருகிலும் பற்றிக்கொண்டது. இருபதடி தள்ளி வெட்டிய முள்ளைக் குவித்து வைத்திருந்தோம். நல்லவேளை, காற்று அந்தப் பக்கம் இல்லை. தீயணைப்பு வண்டி வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அவர்கள் மேல் குறையில்லை. கண்மாய்க் கரையில் பெரிய வண்டி இறங்க வழியே கிடையாது. யாருக்கும் காயமில்லை. இன்ஜின் பக்கமும் கேபினும் போயிற்று. பூம் என்கிற நீண்ட கை, செயின் எல்லாம் தப்பின.

இதுவரை நடந்தது தீயால் வந்தது. இனி சொல்லப் போவது காகிதத்தால் வந்தது.

மெஷினுக்கு இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது. ஒப்பந்தக்காரர் எந்திரங்களுக்கென்று தனியாகப் போடுகிற பாலிசி. சேதத்தை மதிப்பிடுகிற இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து படம் எடுத்துப் போனார். இரண்டு மாதம் கழித்து, 'ஓஸ் வெடித்தது எந்திரக் கோளாறு, எந்திரக் கோளாறுக்குப் பாலிசியில் இடமில்லை' என்று கடிதம். நான் அத்தோடு விட்டிருப்பேன். பி.காம். படிக்கிற மகள்தான் பாலிசியை எடுத்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த விலக்கு முடிகிற இடத்தில் ஒரு 'ஆனால்' இருந்தது. கோளாறான பாகத்துக்குப் பணம் கிடையாது. ஆனால் அந்தக் கோளாறால் ஒரு விபத்து நேர்ந்து வெளியே சேதம் உண்டானால், அந்தச் சேதத்துக்கு உண்டு. அதாவது, வெடித்த ஓஸின் விலை என் தலையில், எரிந்த மெஷின் அவர்கள் கணக்கில். இதை எழுதி அனுப்பினோம். மறு மாதம் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புக்கொண்டு எவ்வளவு கொடுத்தார்கள்? பழுதுபார்க்கும் பில் 11 லட்சத்து 40 ஆயிரம். நான் வாங்கிய விலையான 24 லட்சத்துக்குப் பாலிசி போட்டிருந்தேன். இந்த வகைப் பாலிசியில் பழைய மெஷினாகவே இருந்தாலும் அதே மெஷினின் இன்றைய புது விலைக்குத்தான் போட வேண்டுமாம். புது விலை 60 லட்சம். 24-ஐ 60-ஆல் வகுத்தால் நூற்றுக்கு நாற்பது. நீ நாற்பது பங்குக்குத்தான் காப்பீடு செய்தாய், நஷ்டத்திலும் நாற்பது பங்குதான் என்று 4 லட்சத்து 56 ஆயிரம் கணக்கிட்டு, அதிலும் நான் ஏற்க வேண்டிய தொகையைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். பாலிசி போடும்போது, முழுசாக எரிந்தாலும் அன்றைய சந்தை விலைதானே கிடைக்கும், எதற்கு அண்ணே புது விலைக்குப் பிரீமியம் என்று ஏஜென்ட் கேட்டார், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாதி எரிந்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதிக்கு மனைவியின் நகை போயிருக்கிறது. மெஷின் நின்ற ஐந்து மாதமும் ஃபைனான்ஸ் டியூ நிற்கவில்லை.

என்னைப் போல ஒற்றை மெஷின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். கம்பெனி மறுத்துவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர்களும் போகலாம், 50 லட்சம் வரைக்கும் அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுத்த கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கே இது பிறகுதான் தெரிந்தது.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஏலப் பத்திரத்தில் முன்பணம், மரத்தின் எடை, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கிறது. தீ என்ற சொல் எங்கும் இல்லை. கோடையில் முள் வெட்டுகிற ஒவ்வொரு மெஷினிலும் நிரப்பிய தீயணைப்பான் இரண்டு, பக்கத்தில் தண்ணீர் டேங்கர் ஒன்று, சாயங்காலம் அடித்தகட்டைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம், குவித்த முள்ளுக்கும் மெஷினுக்கும் நடுவே வெற்றுத்தரை என்று நாலு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்கும் வாடகை உண்டு என்று எழுதினால்தான் யாரும் செய்வார்கள். பணம் இல்லாத நிபந்தனையை நானே மதிக்க மாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பாலிசியில் இருக்கிற அந்த 'ஆனால்' வரியையும், புது விலைக் கணக்கையும் ஒரு நாள் தமிழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி எடுத்துக் கேபினில் ஒட்டிக்கொள்கிறேன். அக்கா மகன் இப்போது சாவியைத் திருப்பிவிட்டுத்தான் டீ குடிக்கவே இறங்குகிறான்.

இப்படிக்கு,
ஒரு மெஷின்காரர்,
கமுதி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.