மின்கட்டணத்தை முடக்கி வைப்பதால் மின்சாரம் மலிவாகாது: எரிசக்தித் துறை அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு மையப் பொறியாளர்

பெறுநர்:
மாண்புமிகு எரிசக்தித் துறை அமைச்சர் அவர்கள்

பொருள்: கட்டணத் திருத்தம், பராமரிப்பு நிதி, முழு மின்தடையிலிருந்து மீளும் பயிற்சி ஆகியவற்றைச் சட்டப்படி உறுதிசெய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தவன் நான். அங்கே சுவரில் ஓர் எண் இரவும் பகலும் ஒளிர்ந்துகொண்டிருக்கும்: 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது முறை அலைகிறது என்ற அளவு. நாடு கேட்கும் மின்சாரமும் நிலையங்கள் தரும் மின்சாரமும் நொடிக்கு நொடி ஈடாக இருந்தால்தான் அது அசையாமல் நிற்கும். கேட்பது மிகுந்தால் எண் இறங்கும். அளவுக்கு மீறி இறங்கினால் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக விலகிவிடும். பிறகு நாடே இருளும். அந்த எண்ணைப் பார்த்துப் பழகிய அச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் உயர்த்தாமல் வைத்திருப்பதை மக்களுக்குச் செய்யும் உதவியாக அரசுகள் கருதுகின்றன. எரிபொருள் விலை ஏறும்போது கட்டணம் மட்டும் நின்றால், பற்றாக்குறைக்கு முதல் பலி பராமரிப்புதான். மின்பாதையை ஒட்டிய மரக்கிளைகளை வெட்டுவது அடுத்த ஆண்டுக்குப் போகும். மின்மாற்றியின் எண்ணெய்ப் பரிசோதனையும் தள்ளிப்போகும். அடுத்து, எரிபொருளைக் கடனில் வாங்குவார்கள். வெளியே எதுவும் தெரியாது. விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருக்கும். என் பணிக்காலத்தில், நிதி இல்லை என்று மூன்று முறை ஒத்திவைக்கப்பட்ட மின்மாற்றி ஒன்று கோடை உச்சத்தில் எரிந்தது. பெரிய மின்மாற்றி கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. ஆர்டர் கொடுத்தால் வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பகுதி மக்கள் முறைவைத்து இருட்டில் இருந்தார்கள். அந்த வேதனை இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

இலங்கையில் 2014க்குப் பிறகு 2022 ஆகஸ்ட் வரை கட்டணம் உயர்த்தப்படவில்லை. அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருள் வாங்க வழியில்லாமல், 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், அடுத்த பிப்ரவரியில் 66 சதவீதம் என்று உயர்வு வந்தது. சிறுகச் சிறுகக் கொடுத்திருக்க வேண்டியதை, வேலையும் வருமானமும் இழந்து நின்ற நேரத்தில் அந்த மக்கள் மொத்தமாகக் கொடுத்தார்கள்.

செல்வம் மிகுந்த இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டுக் குளிரில் மின்நிலையங்கள் முடங்கியபின், அவற்றைக் குளிரிலிருந்து காக்கும் ஏற்பாடுகள் பரிந்துரைக்கப்பட்டன, ஆனால் கட்டாயமாக்கப்படவில்லை. 2021 பிப்ரவரியில் எரிவாயுக் கிணறுகளும் நிலையங்களும் உறைந்தன. 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அங்குள்ள எண் 59.3 வரை இறங்கியது. நிலையங்களும் மின்பாதைகளும் இணைந்த முழு மின்தொகுப்பும் சரிய ஐந்து நிமிடம்கூட மீதமில்லை. 246 பேர் இறந்ததாக மாநில அரசே கணக்கிட்டது. மின்சார மொத்த விற்பனைச் சந்தையில் ஒரு மெகாவாட் மணியின் (1,000 யூனிட்) விலை 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாட்கணக்கில் நின்றது. குளிர்க்காப்பு செய்யாமல் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று, ஐயா?

ஆகவே, கட்டணத்தைச் சுதந்திரமான ஆணையம் குறித்த காலத்தில் சிறு சிறு படிகளாகத் திருத்தச் சட்டம் வேண்டும். ஏழை வீடுகளுக்கு முதல் யூனிட்டுகள் மலிவாகவே இருக்கட்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த மானியத்தை அரசு அதே காலாண்டில் ரொக்கமாக மின்நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். வாக்குறுதிக் கடிதத்தால் நிலக்கரி வாங்க முடியாது. பராமரிப்புக்கும், அவசரத்தில் கைகொடுக்கும் கையிருப்பு உற்பத்தித் திறனுக்கும் உரிய பணம், வேறு எதற்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கில் இருக்க வேண்டும். எரிபொருள் இருப்பு எத்தனை நாளைக்கு என்பதையும் வாரந்தோறும் வெளியிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. தொகுப்பு முழுவதும் அணைந்துவிட்டால், பெரிய அனல்மின் நிலையத்தைத் திரும்பத் தொடங்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையம் போன்ற, தானே எழக்கூடிய சில நிலையங்கள்தான் முதல் தீப்பொறி. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது நீர்மின் நிலையங்களும், பிரான்ஸ், மொராக்கோ இணைப்புகளும் இருந்ததால்தான் ஸ்பெயினில் மறுநாள் விடிவதற்குள் பெரும்பகுதி மீண்டது. நமது நிலையங்களில் இப்படி மீட்டெழுப்பும் ஒத்திகை ஆண்டுதோறும், காகிதத்தில் அல்லாமல், இயந்திரத்தை உண்மையாகவே நிறுத்தி எழுப்பி நடத்தப்பட வேண்டும். நள்ளிரவு ஷிப்டில் இருக்கும் இளம் பொறியாளர் அந்தப் படிகளை முதன்முறையாகப் புத்தகத்தில் தேடும் நிலை வரக்கூடாது.

வரும் பட்ஜெட் கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவருமாறும், விவரங்களை நேரில் விளக்க எனக்கு அரைமணி நேரம் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர்