இரவு பஸ் சாரதிக்குப் பகல் நித்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு – கொழும்பு இரவு பஸ்ஸில் 14 வருடமாகச் சாரதியாக இருக்கிறேன். விபத்து நடந்தால் 'சாரதி நித்திரை' என்று செய்தியில் ஒரு வரி வரும். அந்த நித்திரை எங்கிருந்து வருகிறது என்று எழுத விரும்புகிறேன்.

போன வருடம் கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது, விடியப்புறம் மூன்றரை மணி இருக்கும். மன்னம்பிட்டி தாண்டி வெலிக்கந்தைப் பக்கம். கண் மூடியது எனக்கே தெரியாது. இடப்பக்கச் சில்லு றோட்டை விட்டு இறங்கி, சரளைக்கல் பஸ்ஸின் அடியில் படபடவென்று அடித்தது. "அண்ணே!" என்று நடத்துனர் தோளைப் பிடித்தார். வளைத்து எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். முன் சீற்றில் தாயின் மடியில் ஒரு பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரை. ஒருவரும் எழும்பவில்லை. 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் ஓடிவிடும்.

அன்று பகல் கொழும்பில் வெயிலுக்குள் நின்ற பஸ்ஸில், சீற்றில் சுருண்டு இரண்டு மணித்தியாலம்தான் படுத்திருந்தேன். மிச்ச நேரம் போன் பார்த்தேன். அது என் பிழை.

பிறகு ஒரு டொக்டரிடம் போனேன். இரவு இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் உடம்பு தானாகவே நித்திரைக்கு இழுக்கும், 17 மணித்தியாலம் விழித்திருந்து ஓடுவது கிட்டத்தட்டக் குடித்துவிட்டு ஓடுவதைப் போன்றது என்றார். பிளேன்ரீயின் வேலை ஐந்தாறு மணித்தியாலம் கழித்தும் பாதி மிஞ்சியிருக்குமாம். நான் வாழைச்சேனையில் கடைசிப் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நித்திரை வரவில்லையே என்று புரண்டுகொண்டிருந்தவன்.

இப்போது ஹபரணைக்குப் பிறகு தேநீர் இல்லை. கண் கனத்தால் வெளிச்சமான இடமாகப் பார்த்து பஸ்ஸை ஓரங்கட்டி, 20 நிமிடம் படுத்து எழும்பித்தான் எடுப்பேன். விடிந்து வீட்டுக்குப் போகும்போது வெயில் கண்ணில் படாமல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். முகம் கழுவி, இரண்டு வாய் சாப்பிட்டு, போனை மனுசியிடம் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்குத்தான் எழும்புவேன். யன்னலுக்கு மனுசி கறுப்புத் துணி இரட்டையாக மடித்துத் தைத்துப் போட்டிருக்கிறா. மீன் கொண்டுவரும் தம்பியிடம் ஒரு நாள் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஒழுங்கைக்குள் அவர் இப்போது ஹோன் அடிப்பதில்லை. அக்கம்பக்கம் இவ்வளவு செய்தால் போதும், ஒரு பஸ் சனம் பத்திரமாக வந்து சேரும்.

சரி, வீட்டில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டோம். கொழும்பில் நிற்கும் பகலுக்கு என்ன வழி? பஸ் முதலாளிமாரும் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளும் தயவுசெய்து யோசியுங்கள். பெரிய மண்டபம் கேட்கவில்லை. வெயில் விழாத ஒரு அறை, நாலு மின்விசிறி, பாய், பூட்டு. தூர ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதி ஒருவரையும் போடுங்கள்.

பயணிகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஏறும்போது, "அண்ணன், பகலில் படுத்தீங்களா?" என்று கேளுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம்.

இப்படிக்கு,
இரவு பஸ் சாரதி ஒருவர்,
ஆரையம்பதி.