உழவாரத் திருப்பணிச் சபை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.

மாதம் ஒரு ஞாயிறாகக் கோயிலைத் துப்புரவு செய்யும் உழவாரம் 12 முறை நடந்தது. சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை, கார்த்திகை தீபம், மார்கழிப் பாராயணம் எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின.

மதில்மேல் முளைத்த அரசங்கன்றுகளை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்கிறார்கள். பறவை எச்சத்தில் விழும் விதை காரைப் பிளவில் வேர்விடுகிறது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், பிடித்து இழுத்தால் செங்கல்லும் கூடவே வரும். சுற்றிலும் கொத்தி வேரை முழுதாக எடுத்துச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பெயர்ந்துவிடும். இது நாம் ஏணி வைத்து ஏறிச் செய்கிற வேலையல்ல. ஸ்தபதியும் வேண்டும், செயல் அலுவலரின் எழுத்து அனுமதியும் வேண்டும். மனு கொடுத்த நகல் கோப்பில் இருக்கிறது.

இனி நிர்மாலியக் குழி, அதாவது சாமிக்குச் சாத்திக் களைந்த பூவை மக்கவைக்கும் குழி. செயலாளரின் பிடிவாதம் என்று சிலர் பேசியது காதில் விழுந்தது. சாமிக்குச் சாத்திய மாலை குப்பை வண்டியில் போவதைப் பார்த்துக்கொண்டு பக்தி பேச முடியாது என்பதால்தான் 4 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் இரண்டு குழி எடுத்தோம். ஒன்று நிரம்பும்போது மற்றது மக்கும். முதல் மாதம் நாறியது உண்மை. பூவை மட்டும் கொட்டினால் காற்றுப் புகாமல் கூழாகிவிடும். இப்போது ஒரு கூடை பூவுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு, மேலே சாணக் கரைசல், வாரம் ஒரு கிளறல். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியலாம், சொட்டக்கூடாது. மூன்று மாதத்தில் கறுத்து உதிர்ந்து மண் வாசனை வருகிறது. நந்தவனத்து அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் அதுதான் எரு.

உண்மையான வேலை குழியில் இல்லை, நூல் பிரிப்பதில் இருக்கிறது. வாழைநாரில் கட்டிய மாலையால் தொல்லை இல்லை. நைலான் நூலும் ஜிகினாவும் உள்ளே போனால் மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும். தப்பியது செடியடியில் கிடந்து பளபளக்கும். பிரதோஷத்துக்கு மறுநாள் காலை நாலு பேர் ஒரு மணி நேரம் கத்தரியோடு உட்கார வேண்டும். முறைப் பட்டியலில் 8 பெயர் இருக்கிறது. வந்தது பெரும்பாலும் இரண்டு பேர். அதில் ஒருவர் பூக்கட்டும் அம்மாள், உறுப்பினரே அல்ல. உழவார ஞாயிறுகளில் கோபுர வாசலில் படம் எடுக்கும்போது மட்டும் வரிசை கொள்ளவில்லை. அப்பரின் தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் அலகிட்டுப் பெருக்கினார், மெழுகினார், மாலை தொடுத்தார். ஞாயிறு மட்டும் என்று யாரும் சொன்னதில்லை.

மாதச் சந்தா 50 ரூபாய். 46 உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பாக்கி, சிலருக்கு மூன்றாம் ஆண்டு. பெயர் வாசிக்கும் வழக்கம் நமக்கு இல்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. துடைப்பம், கூடை, சுண்ணாம்பு, பிரசாதம் போக வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டின. விழுந்த துண்டை அன்பர் ஒருவர் ஈடுகட்டினார்.

சிவாசாரியாருக்கும், ஓதுவாருக்கும், அதிகாலையில் கதவு திறந்துவிடும் காவலருக்கும் நன்றி.

வரும் ஆண்டு மூன்றாவது குழி தேவைப்படும். எனக்குப் பொறுப்பில் மூன்று ஆண்டு முடிகிறது. தொடர ஆசையும் இல்லை, ஆட்சேபமும் இல்லை. வேறு யாராவது முன்வந்தால் சாவிக்கொத்து, கூடை 6, கத்தரி 4 அன்றைக்கே ஒப்படைக்கப்படும். கத்தரியில் இரண்டு புதிது, இன்னும் உறை பிரிக்கவில்லை.

செயலாளர்